அமெரிக்காவில் ‘இலவசமாக’ வாங்கிய ஐபோனைக் கோவையில் திறந்த கதை

அமெரிக்காவில் வாங்கிய போனோடு ஊர் திரும்பப் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் நீங்கள் இதைப் படிக்கவே வேண்டாம். ‘சிம் லாக்ட்’ என்று இருந்தால், விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும்தான் அதில் ஓடும், கொஞ்சம் உட்காருங்கள்.

நாங்கள் ஒஹையோவின் கொலம்பஸில் இருந்தோம். அங்கே ஏடி அண்ட் டி, வெரைசன், டி-மொபைல் என்று பெரிய நிறுவனங்கள் மூன்று. நான் எதில் இருந்தேன் என்பது இருக்கட்டும், மூன்றுமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போன் விற்கின்றன. என் ஐபோன் 15 ‘இலவசம்’. விலை 830 டாலர். அதை 36 தவணையாக்கி மாதம் 23 டாலர் சொச்சம் பில்லில் ஏற்றுவார்கள். அதே தொகையைக் கிரெடிட் என்று அடுத்த வரியில் கழிப்பார்கள். நடுவில் லைனை, அதாவது அவர்களுடைய இணைப்பை, மூடினால் கிரெடிட் நின்றுவிடும், மீதித் தவணை மொத்தமாக நம் தலையில் விழும். அது வரை போன் வேறு எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்காது. இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். ஊர் திரும்புவது என்று முடிவானபோது 400 டாலருக்கு மேல் பாக்கி. போகட்டும், கட்டிவிடலாம் என்றுதான் கடைக்குப் போனேன்.

வினை அந்தக் கடையில்தான் ஆரம்பித்தது. “மீதிப் பணத்தை இப்போதே கட்டுகிறேன், பூட்டைத் திறந்துவிடுங்கள், அப்புறம் என் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்” என்றேன். கவுண்டரில் இருந்த இளைஞர் டேப்லெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் தேவையில்லை என்றார். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் லைன் தானாக மூடிவிடுமாம். பாக்கி கடைசி பில்லில் வருமாம். கார்டில் பணம் எடுத்ததும் போன் தானாகத் திறந்துகொள்ளுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து நிறுவனத்தின் ஆன்லைன் சாட்டில் இன்னொருவரிடம் கேட்டேன். அவரும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார்.

இரண்டு பேர் சொன்னதும் தவறு. அந்த நிறுவனத்தில் போன் தானாகத் திறக்காது. நாம் விண்ணப்பிக்க வேண்டும். லைன் உயிரோடு இருக்கும்போது விண்ணப்பித்தால் நாம் வாடிக்கையாளர். மூடிய பிறகு விண்ணப்பித்தால் யாரோ ஒரு வழிப்போக்கர்.

எண்ணை ஏன் மாற்றினேன் என்றால், வங்கி ஓடிபிக்காக. அமெரிக்க வங்கிக் கணக்கு, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. கூகுளின் இணைய போன் சேவையான கூகுள் வாய்ஸுக்கு மாற்ற ஒரே தடவை 20 டாலர், மாத வாடகை கிடையாது. ஆனால் இணைய எண்களுக்கு ஓடிபி அனுப்ப மறுக்கிற வங்கிகள் இருக்கின்றன, என் வங்கியும் அதில் ஒன்று. அதனால் மாதம் சில டாலரே ஆகும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு மாற்றி, இந்தியாவிலிருந்து வைஃபை காலிங்கில், அதாவது டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே, ஓட்டுவதாகத் திட்டம். என் போன் பூட்டியிருந்ததால் அந்தச் சின்ன நிறுவனத்தின் இ-சிம்மை (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) என் மனைவியின் போனில் இரண்டாவதாக ஏற்றினோம். அவள் ஆப்பிள் கடையில் முழு விலை கொடுத்து, எந்த நிறுவனமும் சேராத போனாக வாங்கியிருந்தாள். அன்று நான் கேலி செய்ததை இப்போது தினமும் நினைவூட்டுகிறாள்.

எண் மாறியது அரை மணி நேர வேலை. கணக்கு எண்ணும் ‘நம்பர் டிரான்ஸ்ஃபர் பின்’ என்கிற தனிப் பின்னும் வேண்டும். நாம் வழக்கமாகப் போடும் பின் இதற்குச் செல்லாது. எண் புதிய இடத்துக்குப் போய்ச் சேரும் வரை பழைய லைனை ரத்து செய்யச் சொல்லிவிடாதீர்கள், எண்ணே கையை விட்டுப் போகும். வைஃபை காலிங்கையும் அமெரிக்காவில் இருக்கும்போதே இயக்கி ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

கடைசி பில் நாங்கள் கோவை வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது. பணம் போனது. போன் திறக்கவில்லை. நகையை மீட்கப் பணம் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று, நகை மட்டும் உள்ளேயே இருக்கிறது என்கிற நிலைமை.

இங்கே யாருக்கும் என் சிக்கலைப் புரியவைக்க முடியவில்லை. “பேட்டர்ன் மறந்துட்டியா மாப்ளே?” என்று கேட்டார் மச்சான். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் போன் ஒரு கடை, சிம் ஒரு கடை. 2003-ல் ரிலையன்ஸ் சிடிஎம்ஏ போனும் 2017-ல் ஜியோ போனும் அந்தந்த நிறுவனத்துக்கு மட்டும் ஓடின. மற்றபடி போனுக்கும் நெட்வொர்க்குக்கும் தாலி கட்டுகிற வழக்கம் இங்கே வேரூன்றவில்லை.

என் பழைய இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தேன். ஆனால் 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க ஐபோன்களில் சிம் செருகும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சிம்மை இ-சிம்மாக மாற்ற அந்தச் சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னார்கள். அம்மாவின் பழைய போனில் போட்டு அனுப்பினேன். க்யூஆர் கோடும் வந்தது. ஸ்கேன் செய்தால் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’. ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த பெண் போனை வாங்கிப் பார்க்காமலே “நெட்வொர்க் அப்டேட் ஆக டைம் எடுக்கும் சார், நாளைக்குப் பாருங்க” என்றார். மறுநாள் வேறொருவர் புதிதாக ஒரு க்யூஆர் கோடு கொடுத்தார். பழைய சிம் அதற்குள் செத்துவிட்டது, இ-சிம் ஏறவில்லை. ஆக, அமெரிக்க எண் மனைவியின் போனில், இந்திய எண் அந்தரத்தில். ஷோரூமில் கெஞ்சி மறுபடி சாதாச் சிம்மே வாங்கி அம்மாவின் போனில் போட்டேன். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைக்குத்தான் வீட்டு வாடகை முன்பணம் அனுப்ப ஓடிபி வேண்டியிருந்தது.

காந்திபுரத்தில் ஒரு போன் கடைக்காரரிடம் போனேன். விவரமான ஆள், பார்த்ததும் “யூஎஸ் லாக்குங்களா?” என்றார். சிம்முக்கு அடியில் ஆர்-சிம் என்று காகிதம் போல ஒரு சில்லு வைத்து ஏமாற்றலாம் என்று சொல்லிக்கொண்டே போனைத் திருப்பிப் பார்த்தவர், “இதுல ட்ரேயே இல்லீங்ணா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காசு கேட்கவில்லை. போகும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) கொடுத்தால் திறந்து தருகிறோம் என்கிற ஆன்லைன் ஆட்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே ஏமாந்தவர்கள்தானாம்.

வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை. ஆப்பிளைக் கேள் என்றார் ஒருவர். பூட்டுப் போட்ட நிறுவனம் மட்டுமே திறக்க முடியும் என்று ஆப்பிள் கையை விரித்துவிட்டது. “60 நாளில் தானாகத் திறக்குமே, எனக்குத் திறந்ததே” என்றார் இன்னொருவர். அவர் இருந்தது வெரைசனில். 2008 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வாங்கியபோது ஒட்டிக்கொண்ட நிபந்தனையால் வந்த விதி அது, நான் சிக்கியிருந்த நேரத்தில் அவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. வேறு நிறுவனத்தின் விதியை நம்பி யாரும் விமானம் ஏறிவிட வேண்டாம். மூத்தவர் ஒருவர் பழைய கதையை எடுத்தார். 2007 ஜூனில் முதல் ஐபோன் வந்தபோது ஏடி அண்ட் டி மட்டும்தான், வெரைசனுக்கு வர 2011 பிப்ரவரி ஆயிற்று. முதல் ஐபோன் வந்த அந்த 2007 கோடையிலேயே நியூ ஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் சால்டரிங் இரும்பை வைத்தே பூட்டை உடைத்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது கதை. என் போன் அப்படியே இருந்தது.

விண்ணப்பப் படிவம் ஆன்லைனில்தான். ஐஎம்இஐ, மின்னஞ்சல், அவ்வளவுதான். உடனே மறுப்பு வந்தது: தவணை பாக்கி இருக்கிறது என்று. கார்டில் போன பணம் அவர்கள் கணக்கில் ‘போஸ்ட்’ ஆகவில்லை. காத்திருந்து மறுபடி போட்டேன். இந்த முறை, இந்தப் போன் எந்த நடப்புக் கணக்கிலும் இல்லை என்று மறுப்பு. செயலிக்குள் நுழைந்தால் “உங்களுக்கு லைன் எதுவும் இல்லை” என்று வெளியே தள்ளியது. போன் செய்யலாம் என்றால் அவர்களுக்குப் பகல் நமக்கு ராத்திரி. சாப்பிட்டுவிட்டு மனைவியின் போனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஒருவர் கடையை நேரில் அணுகச் சொன்னார். நான் இந்தியாவில் இருக்கிறேன் என்றேன். பக்கத்தில் எந்தக் கடை என்று பின்கோடு கேட்டார். 641 என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னேன், அப்படி ஒரு பின்கோடு இல்லை என்றார்.

கடைசியில் வேலை செய்தது எஃப்சிசி. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அது. அவர்கள் தளத்தில் ‘இன்ஃபார்மல் கம்ப்ளெயின்ட்’ என்று ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நான் கோபத்தை எல்லாம் வடிகட்டிவிட்டு நாலு வரி எழுதினேன்: கணக்கு எண் இது, ஐஎம்இஐ இது, பணம் கட்டிய தேதி இது, திறந்துவிட வேண்டும். இறுதி பில்லையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் மறுப்பு மின்னஞ்சல்களையும் இணைத்தேன். சாட்டில் அந்த ஆள் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், அதையும் சேர்த்தேன். எனக்கு உண்மையில் உதவியது அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன். கடையில் வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது?

30 நாளெல்லாம் ஆகவில்லை. மேல்மட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். இதற்கு முன் பேசிய யாருக்கும் தெரியாத என் கணக்கு விவரம் எல்லாம் அவர் கண்முன்னே இருந்தது. மன்னிப்புக் கேட்டார், திறக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்றார், பேச்சே ஐந்து நிமிடம்தான். மறுநாள் போனை வைஃபையில் இணைத்து அணைத்துப் போட்டேன். கேரியர் லாக் வரிக்குப் பக்கத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “என் போன்ல வாங்கின அன்னைக்கே இருந்துச்சே” என்றாள்.

அப்புறம் இ-சிம் ஒழுங்காக ஏறியது. ஏறியதும் தெரிந்தது, புது வீட்டுக்குள் அந்த நெட்வொர்க்குக்குச் சிக்னலே இல்லை. நாங்கள் இருப்பது தொண்டாமுத்தூர் பக்கம். மச்சானின் போனில் மட்டும் கூடத்தில் நின்றாலும் நாலு கோடு. எந்த நெட்வொர்க் நல்லது என்று யாரையும் கேட்காதீர்கள். வெவ்வேறு சிம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, படுக்கையறையில் நின்று பேசச் சொல்லிப் பாருங்கள்.

அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துக் குறியீடு வரும், நம் பக்கம் 4 நாள் செல்லும். சிம்மை மாற்றி 7 நாள் ஆகாமல் இந்தக் குறியீடு கிடைக்காது, இது 2024 ஜூலை 1 முதல் விதி. ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகாவிட்டாலும் கிடைக்காது. நான் ஒரு வாரம் பொறுத்து அனுப்பினேன், ஆதாரைக் காட்டி விரலை வைத்தேன், மூன்று வேலை நாளில் மாறிவிட்டது. பழைய நிறுவனத்தில் மிச்சம் இருந்த பிரீபெய்ட் பணமும் நாட்களும் மட்டும் புது இடத்துக்கு வராது. ஓராண்டுத் திட்டம் போட்டு வைத்திருப்பவர்கள் அது முடியும் சமயம் பார்த்துப் போர்ட் கேளுங்கள். எனக்கு இன்னும் நாலு மாதம் மிச்சம் இருந்தது, போனது போனதுதான்.