நெஞ்சுக்குப் போன முதுகுத் தசை

மார்பு மீளமைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருத்தியைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் போவது நெஞ்சுக்குத்தான். நாகரிகம் தெரிந்தவர்கள்கூட ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பார்கள். எனக்கு வலித்ததோ முதுகு. நீர் கட்டியதும் முதுகில். கையைத் தூக்கவிடாமல் மறித்தது அக்குளுக்குக் கீழே இருந்த இறுக்கம். மார்பு தன்பாட்டில் ஆறிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆகவே முதுகைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மார்புப் புற்றுநோய்க்காக வலது மார்பை முழுதாக அகற்றி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கீமோ முடித்து, கதிர்ச் சிகிச்சையும் எடுத்த பிறகுதான் மீளமைப்பைப் பற்றி யோசித்தேன். கதிர் பட்ட தோல் இறுகி விலா எலும்போடு ஒட்டிக் கிடந்தது. அப்படியான தோலுக்கு அடியில் சிலிக்கன் பையை மட்டும் வைத்தால் சிக்கல் வரும் வாய்ப்புக் கூட. நல்ல இரத்த ஓட்டமுள்ள தோலும் தசையும் உடம்பின் வேறிடத்திலிருந்து வர வேண்டும் என்று கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் விளக்கினார். வயிற்றிலிருந்து எடுக்கலாம், முதுகிலிருந்தும் எடுக்கலாம். என் வயிற்றில் எடுக்கிற அளவுக்குச் சதை இல்லை. "இத்தனை வருடம் தேங்காய்ப்பூப் போட்டுப் பிட்டுத் தின்று என்ன பிரயோசனம்?" என்று மச்சாள் கேட்டாள். அவளுக்கு இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருக்கிறது. கடன் கொடுக்கத்தான் வழியில்லை.

முதுகிலிருந்து எடுக்கும் தசைக்கு லற்றிசிமஸ் டோர்சி என்று பெயர். இடுப்புக்கு மேலே அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, அக்குள் வழியாகப் போய் மேற்கை எலும்பில் பொருந்தும் பெரிய தசை. அதைத் துண்டாக வெட்டி எடுப்பதில்லை. அக்குள் பக்கத்து இரத்தக் குழாய்களோடு உள்ள தொடர்பு அறாமல் வைத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டுத் தோலோடு பிரித்து, தோலுக்கு அடியால் முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்து மார்பின் இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். இது புதிய வித்தையும் அல்ல. தன்சினி என்ற இத்தாலியச் சத்திரசிகிச்சை நிபுணர் 1906 இலேயே இதை விவரித்திருக்கிறார். பிறகு நெடுங்காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 1970களின் பிற்பகுதியில்தான் மீண்டும் கைக்கு எடுத்திருக்கிறார்கள்.

தசையை எடுத்தால் அது செய்த வேலையை யார் செய்வது? இதைத்தான் நான் முதலில் கேட்டேன். "பக்கத்தில் உள்ள தசைகள் ஈடு செய்யும். நாளாந்த வேலையில் பெரிதாகத் தெரியாது. நீச்சல், மலையேறுதல், துடுப்புப் போடுதல், இவற்றில்தான் குறை தெரியும்" என்றார் வைத்தியர். நான் வாவியில் துடுப்புப் போடுகிறவளும் இல்லை, மலை ஏற எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை. மனம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்தப் பட்டியலை வேறு விதமாக வாழ்கிறவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகு விளங்கியது. மேலே தூக்கிய கையைக் கீழே இழுப்பதும், முழங்கையைப் பின்னுக்குக் கொண்டுபோவதும், கையை ஊன்றி உடம்பை உயர்த்துவதும் அந்தத் தசையின் வேலைகள். கப்பியில் கயிறு போட்டுத் தண்ணீர் அள்ளுவது வேறென்ன? மண் முற்றத்தை ஈர்க்கில் விளக்குமாற்றால் இழுத்துக் கூட்டுவது, பாயிலிருந்து கை ஊன்றி எழும்புவது, கல்முனை பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரேக் போடும்போது விழாமல் நிற்பது, எல்லாம் அதுதான். மலையேறுகிறவர்கள் எப்போதாவது ஒரு நாள் ஏறுவார்கள். நாங்கள் விடிந்தால் முற்றத்தில் நிற்கிறோம்.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது உடம்பிலிருந்து குழாய்கள் தொங்கின. மார்பில் உள்ளது கெதியாகக் கழன்றுவிட்டது. முதுகுக் குழாய் லேசில் விடவில்லை. பெரிய தசையைப் பிரித்தெடுத்த இடம் அகன்ற வெற்றிடம். அது ஒட்டிக்கொள்ளும்வரை நீர் சுரந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் வருவது 30 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கினால் கழற்றலாம் என்று சொல்லி, குழாயோடுதான் என்னை அனுப்பினார்கள். ஊருக்கு உதயதேவி ரயிலில் வந்தேன். போத்தல் வைக்க மச்சாள் பழைய சேலையில் ஒரு தோள்பை தைத்திருந்தாள்; அதை இடப் பக்கமாகப் போட்டுக்கொண்டு, முதுகு இருக்கையில் படாமல் ஜன்னல் பக்கம் சாய்ந்தே இருந்தேன். எதிரே இருந்த வயதான அம்மா, பைக்குள் என்ன என்று கேட்கவில்லை. வெள்ளரிப் பிஞ்சு ஒன்றை நறுக்கி நீட்டினார். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருக்கும் நல்ல விடயம் அது ஒன்றுதான்.

வீட்டில் ஒரு கொப்பி போட்டேன். காலையும் மாலையும் குழாயை விரலால் மேலிருந்து கீழே உருவிவிட்டு, அடைப்பில்லை என்று பார்த்து, போத்தலின் அளவை எழுதினேன். சிவப்பாக வந்தது இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறியது. பிள்ளைகளின் புள்ளிகளைப் பதிந்து பழகிய கைக்கு அது வாலாயமான வேலை. இலக்கம் இறங்குவதைப் பார்க்க ஒரு தைரியமும் வந்தது.

குழாய் கழன்ற பிறகு வந்ததுதான் செரோமா. வடிய வழியில்லாத நீர் தோலுக்கு அடியில் தேங்குவது. இந்தச் சத்திரசிகிச்சையில் முதுகில் ஏற்படும் சிக்கல்களில் மிகச் சாதாரணமானது அது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். சொன்னது வேறு, இரவில் புரண்டு படுக்கும்போது தேங்காயை ஆட்டிப் பார்த்ததுபோல முதுகுக்குள் நீர் அசைவதை உணர்வது வேறு. மறுநாளே கிளினிக்குக்குப் போனேன். ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். முதுகுத் தோல் மரத்துப் போயிருந்ததால் ஊசி குத்தியதே தெரியவில்லை. சில நாளில் மறுபடியும் தேங்கியது, மறுபடியும் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்து, கடைசியில் நின்றது. காய்ச்சல் வந்தால், இடம் சிவந்து சூடானால், நாற்றமுள்ள நீர் கசிந்தால் மட்டும் ஒரு நாளும் பொறுத்திருக்க வேண்டாம் என்று தாதி அழுத்திச் சொன்னார். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

முதல் ஆறு வாரமும் கட்டுப்பாடுதான். வலது கையால் பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. ஆரம்பத்தில் கை தோள் மட்டத்துக்கு மேலே போகவும் கூடாது. தண்ணீர் நிறைந்த கேத்தல்கூட இடது கைக்குத்தான். தலைக்கு மேலால் போடும் உடுப்பு ஒன்றும் சரிவராது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளோடு காலம் போனது. தலைவாருகிற கஷ்டம் மட்டும் இல்லை. கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி சீப்புக்கு அகப்படாத அளவு. நேராக மல்லாந்து படுத்தால் தையல் அழுத்தும், வலப் பக்கம் படுக்கவே முடியாது. இடப் பக்கம் சரிந்து, வலது கைக்கு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டுதான் தூங்கினேன். சித்திரை வெயிலில், பிளாஸ்டரும் கட்டும் வியர்வையுமாக, எங்கே தூங்குவது?

சாப்பாட்டில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. சத்திரசிகிச்சைக் காயம் என்றால் கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, முட்டையும் வேண்டாம் என்று பெரியம்மா கட்டளை போட்டார். சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறி மட்டும் வந்தது. காயம் ஆறப் புரதம் வேண்டும், முட்டையும் மீனும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரியம்மாவோடு வாதாடி வென்றவர் எங்கள் குடியில் இல்லை. மச்சாள் அவித்த முட்டையைச் சோற்றுக்குள் புதைத்துத் தருவாள். பெரியம்மா அதைக் காணாதவர் அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

இயன்மருத்துவரிடம் போவதைப் பலர் இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள். வலிக்கிறது, தையல் பிரிந்துவிடும் என்று கையை உடம்போடு ஒட்டிவைத்தால் தோள் இறுகிப் பூட்டிக்கொள்ளும். பிறகு திறப்பது பெரும்பாடு. விரலை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது முதலில். அனுமதி கிடைத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறுவது. எட்டிய இடத்தில் சோக்கால் கோடு போட்டேன். சில கிழமை கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தன. வியர்க்க வியர்க்க நின்று பார்த்தாலும் ஒரு விரல் அகலம் ஏறாது. அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வைத்தியர் மேல் அல்ல, "இப்போது எல்லாம் சுகம்தானே?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல். தழும்பு நன்றாக மூடிய பிறகு தேங்காயெண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள். முதுகுத் தழும்புக்கு என் கை எட்டாது. அம்மாதான் தேய்த்தார். சிறு வயதில் எண்ணெய் வைத்த அதே வேகத்தில்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத வேடிக்கை ஒன்று. இடம் மாறிய தசைக்கு, தான் இடம் மாறியது தெரியாது. அதன் நரம்பை அப்படியே விட்டிருந்தால் பழைய வேலைக்கு அழைப்பு வரும்போதெல்லாம் அது சுருங்கும். மேசையில் கை ஊன்றி எழும்பினால், பாடசாலையின் இரும்புக் கேற்றை இழுத்தால், சேலைக்குள்ளே மார்பு ஒரு பக்கம் துள்ளும். முதல் தடவை பதறிப்போய்க் கேற்றை விட்டுவிட்டேன். இப்போது வகுப்பில் அலுமாரியைத் திறக்கும்போது உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் புது மார்பின் தோலைத் தொட்டால், முதுகில் யாரோ தொட்டதாக மூளை சொல்லும். தனியே இருக்கும்போது திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

பாடசாலைக்குத் திரும்பியபோது கரும்பலகையின் மேல் வரி எனக்கு எட்டவில்லை. நடுவிலிருந்து எழுதத் தொடங்கினேன். "ரீச்சர், மேலே இடம் இருக்கிறதே" என்றான் ஒருவன். கதிரையில் ஏறி மேல் வரியில் திகதி எழுதும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தேன். மாதங்கள் போக அந்த உயரம் திரும்பிவிட்டது. இப்போது கை முழுதாக மேலே போகிறது. நீண்ட நேரம் மேலே வைத்து எழுதினால் தோள் களைக்கும், அவ்வளவுதான்.

இழுக்கிற பலம் மட்டும் முழுதாக வரவில்லை. எங்கள் வளவில் மோட்டார் பூட்டிக் காலமாகிறது. ஆனாலும் கிணற்றடியில் அள்ளிக் குளித்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் குளிப்பாகவே படாது. இயன்மருத்துவர் சரி என்ற பிறகு கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். வலி இல்லை. வாளி பாதித் தூரம் வந்ததும் கை பிடித்த பிடியில் நிற்கிறது, மேலே எடுக்க ஆளில்லை. இடது கையை முன்னுக்கு வைத்து, அரை வாளியாக அள்ளக் கற்றுக்கொண்டேன். குளிக்க நேரம் கூடச் செல்லும். சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் கோயில் மணலில் இருந்தால் எழும்ப யாராவது கை கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள்.

அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. அது தசைக்கு உரியதல்ல, ஆனால் அதே கைக்கு உரியது. அந்தக் கையில் காயமோ தொற்றோ வந்தால் வீக்கம் பிடிக்கலாம். ஆகவே ஊசியும் இரத்த அழுத்தப் பட்டியும் இடது கைக்குத்தான் என்று ஒவ்வொரு தடவையும் நானே சொல்கிறேன். கெளிற்று மீன் கழுவுவதை விட்டுவிட்டேன். அந்த முள் குத்திய கையை ஊரில் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், செய்யலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் நாளாந்த வேலையை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டு வேலை என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டாம். கிணறா குழாயா, கட்டிலா பாயா, நெசவா தையலா, எந்தக் கை முதல் கை, ஆறு வாரம் உங்களுக்குப் பதிலாக யார் தூக்குவார், எல்லாவற்றையும் சொல்லுங்கள். எனக்கு மச்சாள் இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை. குழந்தையைத் தூக்கக்கூடாது என்பதைத் வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டித் தரும் நேரத்தில்தான் அவளுக்குச் சொன்னார்கள்.

விரும்பினால் முலைக்காம்பும் அமைத்துத் தருவோம், சின்ன வேலை என்று கிளினிக்கில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தவணைக்கு ஐந்தாம் வகுப்பைத் தந்திருக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை லீவு எடுக்கிற எண்ணம் எனக்கில்லை.