‘போனெர்’ என்றால் ‘போடு’: தொனோஸ்தியாவில் ஐந்து நாள் ஸ்பானிஷ்

“கெதெபொங்கோ?”

பாரில் பரிமாறும் மேடைக்கு அந்தப் பக்கம் நின்றவர் கேட்டது என் காதில் இப்படித்தான் விழுந்தது. ஒரே சொல்லாக. 14 மாதமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் செயலியில், சனிக்கிழமைகளில் இணைய வகுப்பில் என்று ஸ்பானிஷ் படித்து வந்தவன் நான். இறந்தகாலத்தில் எந்த வடிவம் எங்கே வரும் என்று வகுப்பில் மற்றவர்களுக்கு விளக்குகிற ஆள். நான் விழிப்பதை அவர் பார்த்தார். உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார். முதல் நாளின் முதல் உரையாடல் அதோடு முடிந்தது.

அலுவலக வேலையாக பில்பாவோ வரை போக வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் ஐந்து நாள் விடுப்பு எடுத்து, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்தில் சான் செபாஸ்தியான் போய் இறங்கினேன். ஸ்பெயினின் வடக்குக் கரை. பிரெஞ்சு எல்லை கூப்பிடு தூரம். இந்தப் பகுதியின் சொந்த மொழியான பாஸ்க்கில் ஊரின் பெயர் தொனோஸ்தியா. ‘ஸ்பானிஷ் பழக வேண்டும் என்றால் நடு ஸ்பெயினில் ஏதாவது ஊருக்குப் போ, பாஸ்க் நாட்டுக்கு ஏன் போகிறாய்’ என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். கடல்தான் காரணம். நாகர்கோவில்காரனுக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைத்தால் கால் வேறு எங்கே போகும்?

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு கோடு. எதிராளி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. முதல் நாள் 11 கோடு, அதில் 7 அடிபட்டது. பழைய நகரப் பகுதியில் இது நடக்கத்தான் செய்யும். அங்கே கூட்டம் நெரிகிறது, பாதிப் பேர் வெளிநாட்டுப் பயணிகள், பார்க்காரர்களுக்கு நேரம் இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இரவு அறைக்கு வந்து அந்த கெதெபொங்கோவைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். கே, தே, பொங்கோ. ‘போனெர்’ என்ற வினைச்சொல். செயலி எனக்கு அதை ‘வைப்பது’ என்று சொல்லிக் கொடுத்திருந்தது: புத்தகத்தை மேசை மேல் வைத்தேன் என்கிற மாதிரி. ஆக, ‘உனக்கு நான் என்ன வைக்கட்டும்?’ கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் சட்டென்று பிடிபட்டது. ‘வை’ இல்லை, ‘போடு’! நம் ஊர் ஹோட்டலில் “என்ன போடட்டும்?” என்று கேட்பதும், “ரெண்டு தோசை போடுங்க” என்று நாம் சொல்வதும் அப்படியே இதுதான். ‘பொன்மே தோஸ்’ என்றால் ‘எனக்கு ரெண்டு போடு’. 14 மாதமாக ‘கிசியெரா, போர் ஃபவோர்’ என்று, அதாவது ‘நான் விரும்புவேன், தயவுசெய்து’ என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது தவறில்லை. ஆனால் நின்றுகொண்டே சாப்பிடுகிற இடத்தில் அது கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி ஒலிக்கிறது.

இரண்டாம் நாளிலிருந்து உருமேயா ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள க்ரோஸ் பகுதிக்கு மாறினேன். கூட்டம் இல்லாத காலை நேரம். “பொன்மே உன் கொர்தாதோ” என்றேன். கொர்தாதோ என்பது கொஞ்சமாகப் பால் விட்ட காப்பி. வந்தது. ஒரு ‘ஹில்தா’ கேட்டேன், அதுவும் வந்தது. ஹில்தா இந்த ஊரின் பேர்போன பின்ச்சோ, அதாவது பல்குச்சியில் கோத்த ஒரு வாய்த் தீனி. ஆலிவ் காய், காடியில் ஊறிய பச்சை மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, அவ்வளவுதான். 1946இல் வந்த ‘கில்டா’ என்ற அமெரிக்கப் படத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். உப்பு நாக்கில் ஏறி, மிளகாய் மெல்லச் சுரீரென்றது. மற்ற தட்டுகள் மேடை மேல் வரிசையாக இருக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு என்னென்ன எடுத்தோம் என்று நாமே சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். எண்ணும் இறந்தகாலமும் சேர்ந்த நல்ல வாய்மொழித் தேர்வு அது.

மூன்றாம் நாள் மழை. மழை என்றும் சொல்ல முடியாது. குற்றாலத்துச் சாரல் மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் நனைக்கிற ஒன்று. லா கொன்ச்சா கடற்கரையை ஒட்டி அந்தப் புகழ்பெற்ற வெள்ளைக் கம்பித் தடுப்பு நீளமாகப் போகிறது. அதில் சாய்ந்து சாந்தா கிளாரா தீவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, எண்பதை நெருங்கியிருப்பார். “மழை பெய்கிறது” என்று நானே பேச்சைத் தொடங்கினேன், ‘உஸ்தெத்’ போட்டு மரியாதையாக. “இது மழையா? சிரிமிரி!” என்றார். இந்தத் தூறலுக்கு அங்கே தனிப் பெயர். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போனது. தமிழில் யாரோ இரட்டைக்கிளவி கட்டிய மாதிரி இருந்தது. தொடர்ந்து நான் ‘உஸ்தெத், உஸ்தெத்’ என்று பேசவும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. என்னை ‘நீ’ என்று சொல், நான் அவ்வளவு கிழவி இல்லை என்றார். எண்பது வயதுப் பெண்மணியை ‘நீ’ என்று கூப்பிட என் நாக்கு வரவில்லை. வினைச்சொல்லின் விகுதி எல்லாம் குழம்பி, ஒரே வாக்கியத்தில் ‘நீ’யும் ‘நீங்கள்’உமாக உளறினேன். அவர் சிரித்தார். இருபது நிமிடம் பேசினோம், குறுக்குக் கோடே இல்லை.

அவரிடம் பேசியபோது இரண்டு விஷயம் தெளிந்தது. ஒன்று, ‘மே குஸ்தா’. வகுப்பில் மற்றவர்கள் இதோடு மல்லுக்கட்டுவார்கள். நமக்கு அது வெறும் ‘எனக்குப் பிடிக்கும்’தான்; ‘எனக்கு’ என்றுதான் அங்கேயும் தொடங்குகிறது. நான் இத்தனை நாள் மனத்துக்குள் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனதுதான் வீண். இரண்டாவது, ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். என் ஆச்சி ‘கரி’யையும் ‘கறி’யையும் பிரித்துச் சொல்லும் அதே உச்சரிப்பை அவர் சொன்ன ‘பெறோ’வில் கேட்டேன்.

சரி, பாஸ்க் மொழிக்கு வருகிறேன். ஊர் முழுக்கப் பலகைகளில் இரண்டு மொழி: வெளியே போகும் வழி ‘இர்தேரா’, பக்கத்தில் ஸ்பானிஷில் ‘சாலிதா’. ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் நசுக்கப்பட்ட மொழி, 1979இன் தன்னாட்சிச் சட்டத்துக்குப் பிறகு இங்கே ஸ்பானிஷோடு சேர்ந்து ஆட்சிமொழி. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சின்ன இலக்கணக் குறிப்பைப் புரட்டினேன். ‘எச்சே’ என்றால் வீடு. ‘எச்சேஅன்’ வீட்டில், ‘எச்சேரா’ வீட்டுக்கு, ‘எச்சேதிக்’ வீட்டிலிருந்து. சொல்லின் வாலில் வேற்றுமை ஒட்டிக்கொண்டு போகிறது! வினையும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிப் பக்கம்தான். உடனே ‘பாஸ்க்கும் தமிழும் அக்கா தங்கை’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் எந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. ஸ்பானிஷ் பழக வந்த ஊரில் கண்ணுக்குப் பழக்கமாகத் தெரிந்தது வேறு ஒரு மொழியாகிப் போனதைத்தான் சொல்கிறேன்.

நான்காம் நாள் வாங்கிய அடியையும் சொல்ல வேண்டும். கெதாரியா போவதாகத் திட்டம். உலகத்தைச் சுற்றிய முதல் கப்பலை 1522இல் ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொண்டுவந்த எல்கானோ பிறந்த ஊர். அதற்கு முந்தைய நாள் மாலையே பஸ் நேரம் விசாரித்தேன். ‘தோதே இ தியெத்’ என்று சொல்லியிருக்கிறார்கள், 12.10. என் காதில் விழுந்தது ‘தோஸ் இ தியெத்’, 2.10. ஸ்பெயினில் ‘சி’யையும் ‘இசட்’டையும் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள், என் செயலியோ லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு. அதில் பன்னிரண்டு ‘தோசே’. இரண்டு மணிக்குச் சாவகாசமாகப் போய் நின்றபோது, நான் பிடிக்க வேண்டிய பஸ் போய் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எல்கானோ உலகத்தைச் சுற்றினார், எனக்குப் பக்கத்து ஊருக்குப் போக வழியில்லை. கோபத்தில் 1912இலிருந்து ஓடும் மரப்பெட்டி இழுவை ரயிலில் ஏறி இகெல்தோ மலை உச்சிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் வளைகுடா கிளிஞ்சல் வடிவில் தெரிகிறது. ‘கொன்ச்சா’ என்றால் கிளிஞ்சல்தானே. அன்று இரவு எண்களை மட்டும் ஒரு மணி நேரம் ஸ்பெயின் வானொலியில் கேட்டேன்.

வாய் ஓரளவு தயார், காதுதான் பாக்கி என்பது இப்போது தெளிவு. இனி செயலியைப் பத்து நிமிடமாகக் குறைத்து, மிச்ச நேரத்தை ஸ்பெயின் வானொலிக்குக் கொடுக்கப்போகிறேன்.

ஐந்தாம் நாள் கணக்கு: 9 கோடு, அடிபட்டது 2. கடைசிக் காலை க்ரோஸில் அதே பார். “பொன்மே உன் கொர்தாதோ இ உன் பின்ச்சோ தே தொர்தியா.” அவர் வேகமாக ஏதோ கேட்டார். புரியவில்லை. “கோமோ?” என்றேன். ஆங்கிலத்துக்குத் தாவாமல், அதையே மெதுவாக ஸ்பானிஷில் திருப்பிச் சொன்னார்: முட்டை ஆம்லெட்டோடு ரொட்டி வேண்டுமா? வேண்டும் என்றேன். காசு கொடுத்து, “வெங்கா, அகுர்” என்று விடைபெற்று வெளியே வந்தால் சிரிமிரி. குடை உள்ளேயே இருக்கிறது. திரும்பிப் போய் “மி பராகுவாஸ்” என்றேன். எடுத்து நீட்டிவிட்டு, “அதெர்க்கியா” என்றார், பாஸ்க் மொழியில். நோட்டை எடுத்து, எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டேன்.