ஓரேஜின் கடிதங்கள்: பெட்டியைத் திறக்கலாம், அச்சிட முடியாது

ஆங்கில இதழாசிரியர் ஏ. ஆர். ஓரேஜ் 1934 நவம்பரில் இறந்தவர். அவர் தம் வாழ்நாளில் அச்சிட்டவற்றின் மீதான காப்புரிமை பிரிட்டனில் 2004 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அதே மனிதர் கைப்பட எழுதி, இன்றுவரை அச்சேறாமல் பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தை வெளியிட வேண்டுமானால் வாரிசுகளின் அனுமதியைப் பெற வேண்டும், இல்லாவிட்டால் 2039 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். இந்த விதியைக் காப்பகத்தில் என்னிடம் சொன்னது, பென்சிலையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு நான் வெளியேறும் நேரத்தில்தான்.

'தி நியூ ஏஜ்' வார இதழை 1907 முதல் 1922 வரை நடத்திய ஓரேஜால், எழுதியவர்களில் பலருக்குச் சன்மானம் கொடுக்க முடியவில்லை. ஆயினும் கவிஞர் எஸ்ரா பவுண்ட், விமர்சகர் டி. இ. ஹியூம், சிறுகதையாளர் கேத்தரின் மேன்ஸ்ஃபீல்ட் என்று ஒரு பெரிய வரிசை அவருக்கு எழுதிக்கொடுத்தது. பணம் தர இயலாத ஓர் ஆசிரியர் இவர்களை எப்படித் தக்கவைத்தார் என்பதை அவருடைய கடிதங்களிலேயே பார்க்க விரும்பினேன். சிற்றிதழ் நடத்திக் கைக்காசை இழந்த எவருக்கும் இந்த ஆர்வம் விளங்கும்.

முதல் சிக்கல், ஓரேஜ் பெயரில் உள்ள தொகுப்பில் ஓரேஜ் எழுதியவை பெரும்பாலும் இருப்பதில்லை என்பது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்ட்டன் நூலகத்தில் அவருடைய தாள்கள் உள்ளன. அந்தக் கட்டம் எளிதாக முடிந்தது. ஆனால் ஓர் ஆசிரியரின் தொகுப்பில் சேர்வது அவருக்கு வந்த கடிதங்கள். அவர் அனுப்பியவையோ, பெற்றவர்களின் தாள்களோடு போய் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே பட்டியலில் ஓரேஜ் என்று தேடுவதோடு நிற்காமல், அவருக்கு எழுதியவர் ஒவ்வொருவரின் தொகுப்பையும் தேட வேண்டும். அப்படித் தேடித்தான், பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு காப்பகத்திற்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே வாசகர் அட்டைக்கு முகவரிச் சான்றாக வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொடுத்தேன். இணையத்திலிருந்து அச்செடுத்தது செல்லாது, அஞ்சலில் வந்ததுதான் வேண்டும் என்றார் முகப்பில் இருந்தவர். அச்செடுத்ததே போதும் என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் இருப்பதைக் கைபேசியில் காட்டினேன். அந்தப் பக்கம் பழையது என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். மதிய உணவுக்குப் பின் அதே நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார். அவர் அதே தாளைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் அட்டையை அச்சிட்டுக் கொடுத்தார்.

அட்டை கிடைத்தும் அன்றைய பயணம் ஏறக்குறைய வீண். 'தயார்' என்று மின்னஞ்சலில் உறுதி செய்யப்பட்ட பெட்டியில் இருந்தவை ஒளிநகல்கள். மூலங்கள் வேறொரு நாட்டில் உள்ளனவாம். பிற நிறுவனத்தின் நகலைப் படம் எடுக்க அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை என்பதால், கேமராக் கட்டணம் செலுத்தியும் ஒரு பக்கத்தைக்கூட எடுக்க விடவில்லை. பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பயணச்சீட்டு வாங்கும் முன், 'மூலமா, நகலா, படம் எடுக்கலாமா' என்ற மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியின்றிக் கையால் படியெடுத்தேன். கர்சிட்டர் தெரு 38 என்ற 'தி நியூ ஏஜ்' அலுவலக முகவரியும் 'செவ்வாய்' என்ற கிழமையும் மட்டுமே உள்ள ஒரு கடிதத்தை, தேதியற்றது என்று பட்டியலில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இதழ் வியாழன்தோறும் வெளிவந்தது. கடிதமோ அந்த வாரம் அச்சேற இருந்த ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டது. 'மாடர்னிஸ்ட் ஜர்னல்ஸ் புராஜெக்ட்' இணையத்தில் ஓரேஜ் காலத்து இதழ்களை இலவசமாக வைத்திருக்கிறது. அன்றிரவே அக்கட்டுரை வந்த இதழைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய செவ்வாயைக் குறித்தேன். மறுநாள் நூலகர் அதைப் பட்டியலில் பென்சிலால் சேர்த்துக்கொண்டபோது முகப்பு நாற்காலிக்காரரை மன்னித்துவிட்டேன்.

இனி அனுமதி. கடிதத் தாள் அதைப் பெற்றவருக்கோ காப்பகத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். அதிலுள்ள வாசகத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்குரியது. எனவே காப்பகம் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுப்பதை வைத்து அச்சுக்குப் போய்விடாதீர்கள். அனுமதியின்றி மேற்கோள் காட்டவிடும் பிரிட்டன் சட்டத்தின் விலக்கையும் நம்ப வேண்டாம். அது ஏற்கெனவே பொதுமக்களுக்குக் கிடைத்த படைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். டெக்சாஸின் ஹாரி ரான்சம் மையமும் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'வாட்ச்' தரவுத்தளத்தில் எழுத்தாளர் பெயரைத் தேடினால் உரிமையாளர் அல்லது முகவர் விவரம் கிடைக்கக்கூடும். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்குப் பிரிட்டன் அரசின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2014 முதல் உரிமம் வழங்குகிறது. அதற்கு முறையாகத் தேடியதற்கான சான்று கேட்பார்கள் என்பதால், பதில் வராத மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள். ஆனால் அந்த உரிமம் பிரிட்டனுக்குள் மட்டுமே செல்லும். சென்னையில் அச்சாகும் இதழுக்கு அதனால் பயனில்லை.

ஓரேஜுக்கு எழுதிய, அதிகம் அறியப்படாத ஒருவரின் குடும்பத்திலிருந்து கட்டணமில்லாமல் அனுமதி வந்துவிட்டது. எந்தக் கடிதம், எந்த வரிகள், எந்த இதழ், எத்தனை பிரதிகள் என்று ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதியதுதான் விரைவான பதிலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஓரேஜின் கடிதங்களைப் பொறுத்தவரை, செய்திகளை மட்டும் என் சொற்களில் எழுதி, வாசகம் ஒன்றையும் எடுத்தாளாமல் கட்டுரையை அனுப்பியிருக்கிறேன்.