அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்: செப்பனிடுவதா, மாற்றுவதா?

8 ஜூன் 2024

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், கீரனூரைத் தாண்டியதும் என் அம்பாசடர் விக்கத் தொடங்கி, சைலன்சரில் சில முறை வெடித்துவிட்டு நின்றுபோனது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவதை உறுதி செய்துகொண்டு, தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை, அதாவது கேப்பை, கழற்றினேன். உள்ளே பித்தளைத் தூள் படிந்திருந்தது. நான்கு பித்தளை முனைகளில் இரண்டின் ஓரங்கள் உராய்ந்து பளபளத்தன. அவற்றுக்கு இடையே பென்சிலால் கிழித்தது போல ஒரு கரிக்கோடு ஓடியது. பிளக்குக்குப் போக வேண்டிய பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே பக்கத்து முனைக்குத் தாவியிருக்கிறது.

ஊரிலிருந்து வந்த மெக்கானிக் புதிய கேப்பும், அதனுள் சுழன்று முனைக்கு முனை மின்சாரம் தரும் ரோட்டாரும் போட்டார். வண்டி உடனே எடுத்தது. ஆனால் ரோட்டார் கேப்பின் முனைகளைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியைத் தீப்பொறி தாண்டிச் செல்லும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அது தொட்டதற்கான காரணத்தைக் கண்டறியாவிட்டால் இந்தப் புதிய கேப்பும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

10 ஜூன் 2024

டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டேன். ரோட்டாரை உருவிவிட்டு, அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. மூடித் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனையான பாயிண்ட் முழுமையாகத் திறந்திருக்கும் நிலையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து 0.38 மி.மீ. என்று சரிசெய்த இடைவெளி, ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளியதும் 0.50ஐத் தாண்டியது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்பதில் இனி ஐயமில்லை.

இந்த ஆட்டம் கேப்பை மட்டும் கெடுப்பதில்லை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி வேகத்தில், அதாவது 1500 சுற்று சுற்றி, நொடிக்கு 100 தீப்பொறிகளை 1-3-4-2 என்ற வரிசையில் பங்கிடுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் தீப்பொறி பிறக்கிறது என்பதால், ஷாஃப்ட் ஆடினால் திறக்கும் கணம் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னுமாக விலகி, தீப்பொறி விழும் நேரமான டைமிங் ஓர் இடத்தில் நிற்காமல் போகிறது. சில மாதங்களாகப் பிக்கப் குறைந்திருந்ததற்குக் கார்புரேட்டரைக் காரணமாகச் சொன்னவர்கள் பலர். எனக்கு இப்போது அதில் நம்பிக்கை இல்லை.

இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டை எர்த் செய்யும் பின்னல் கம்பி, நுனியில் இரண்டு மூன்று இழைகளை மட்டுமே பற்றிக்கொண்டு தொங்கியது. எஞ்சினின் உறிஞ்சு விசையால் தீப்பொறியை முன்கூட்டி வரச்செய்யும் வேக்வம் அட்வான்ஸ் அந்தத் தட்டை இழுக்கும்போதெல்லாம் அக்கம்பியும் வளைகிறது. அது முற்றிலும் அறுந்திருந்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியபடியே வண்டி விட்டுவிட்டு நின்றிருக்கும்.

15 ஜூன் 2024

என் மைத்துனர் இதே காரில் அடிக்கடி காரைக்குடி சென்று வருபவர். அவர் ஒரே முடிவாக, "மாமா, பாயிண்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிடுங்க" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாயிண்டுக்குப் பதிலாகக் காந்த வளையத்தையும், அது சுழல்வதைத் தொடாமலேயே உணரும் ஹால் சென்சாரையும் பொருத்தினால் தேய்வதற்கு அங்கே எதுவும் இராது. இடைவெளி பார்க்க வேண்டாம், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரும் வேண்டாம். குளிர்ந்த எஞ்சினும் சீக்கிரம் எடுக்கும்.

ஆனாலும் என் டிஸ்ட்ரிபியூட்டரில் கெட்டது பாயிண்ட் அல்ல. சென்சார் பாயிண்டின் வேலையை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. ரோட்டார் அதே ஷாஃப்டின் தலையில்தான் சுற்றும். எஞ்சின் வேகம் ஏற ஏறத் தீப்பொறியை முன்கூட்டியே வரச்செய்யும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அதே ஷாஃப்டோடுதான் இயங்கும். ஆடுகிற ஷாஃப்டில் சென்சார் போட்டால் குறை சற்று மறையும், அவ்வளவே. ரோட்டார் கேப்பை உராய்வது நிற்காது. புஷ்ஷைப் பார்க்காமலேயே எலக்ட்ரானிக்குக்கு மாறச் சொல்லும் அறிவுரை எத்தனை வண்டிகளுக்கு வழங்கப்படுகிறது என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சென்சார் அடங்கிய மாட்யூலுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. பாயிண்ட் அமைப்புக்கு உரிய சுமார் 3 ஓம் மின்தடை கொண்ட காயிலோடு (மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுருள்) ஒத்துப்போகும் மாட்யூல், மிகக் குறைந்த ஓம் கொண்ட காயிலை மாட்டினால் சூடேறிக் கருகிவிடும். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் வெகுநேரம் விட்டுவைப்பதும் சில வகைகளுக்கு ஆகாது. பாயிண்ட் கெடும்போது முன்னறிவிப்பாக மிஸ்ஸிங் தரும். உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் பெரும்பாலும் அப்படியே நின்றுபோகும்.

22 ஜூன் 2024

சென்னைக்கு வேறு வேலையாகச் சென்றவன், ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் முழு டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடினேன். உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அசல் உதிரிப்பாகங்கள் வருவது குறைந்து, அச்சில் வார்த்த மாற்றுப் பொருள்களே கடைகளில் மிகுதியாக இருக்கின்றன. ஒரு கடையில் காட்டிய புதிய டிஸ்ட்ரிபியூட்டரின் பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே இருந்த இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே தடிமனில் இருந்தன. என்னுடையதில் ஒன்று மெல்லியது, மற்றொன்று தடித்துச் சற்றுத் தளர்வாக நிற்பது. வேகம் குறைவாக இருக்கும்போது மெல்லிய ஸ்பிரிங் மட்டும் எடைகளை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் கூடியபின் தடித்ததும் சேர்ந்துகொண்டு அட்வான்ஸ் வளர்வதை மட்டுப்படுத்துகிறது. இந்த எஞ்சினுக்கென்று வகுத்த கணக்கு அது. உருவம் பொருந்துகிறது என்பதற்காக வேறு கணக்குள்ள ஒன்றை மாட்டினால், மேட்டில் ஏறும்போது எஞ்சின் இடிக்கும், அல்லது எப்போதும் சோர்ந்தே ஓடும்.

புதுப்பேட்டையில் கிடைத்த பழையவற்றில் என்னுடையதைவிட ஆட்டம் அதிகம். வெறுங்கையோடு திரும்பினேன்; ஆனால் முடிவு உறுதியாகிவிட்டது. சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் முத்திரை என் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் இன்னமும் தெளிவாகத் தெரிகிறது. அந்த வார்ப்பில் ஒரு கீறல்கூட இல்லை. உடல் நன்றாக இருக்கும்போது அதைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை.

29 ஜூன் 2024

அரியமங்கலம் பக்கத்தில் உள்ள லேத் பட்டறையில் புஷ் மாற்றும் வேலை நடந்தது. ஷாஃப்டின் அடியில், எஞ்சினோடு இணையும் நாக்கு நடுவில் இல்லாமல் சற்று விலகி அமைந்திருக்கும். நாக்கைப் பிடித்திருக்கும் ஊசியை (பின்) தட்டி எடுக்குமுன், ரோட்டார் எந்தத் திசையைப் பார்க்கும்போது நாக்கு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டோம். திருப்பி மாட்டிவிட்டால் தீப்பொறி எதிர்ப்பக்க சிலிண்டருக்குப் போய்விடும்.

புதிய புஷ் எண்ணெயைத் தன் நுண்துளைகளில் தேக்கி வைக்கும் வெண்கல வகை. அதை 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தே அடிக்க வேண்டும். அடித்தபின் ரீமர் விட்டுக் குடையக் கூடாது. குடைந்தால் துளைகள் அடைபட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும். பட்டறைப் பெரியவர் இதை நான் சொல்லாமலேயே அறிந்திருந்தார். ஷாஃப்டை மட்டும் மெருகிட்டு, விரலால் சுற்றினால் தடையின்றி ஓடியும் பக்கவாட்டில் அசையாமலும் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு பொறுமையான வேலைக்கு அவர் கேட்ட கூலி, சென்னையில் பார்த்த புதிய டிஸ்ட்ரிபியூட்டரின் விலையில் சிறு பங்குகூட இல்லை; கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன்.

எர்த் கம்பியைப் புதிதாகப் பற்றவைத்தாயிற்று. வேக்வம் குழாயை வாயால் உறிஞ்சி நாவால் அடைத்துப் பார்த்தேன். தட்டு நகர்ந்து அங்கேயே நின்றது. தட்டை இழுக்கும் சவ்வான டயஃப்ரம் கிழியவில்லை.

3 ஜூலை 2024

முதல் சிலிண்டரை அமுக்க நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க் புல்லியின் குறியைச் சுட்டியோடு பொருத்தி, காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்பை இணைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை மெதுவாகத் திருப்பி, விளக்கு எரியத் தொடங்கிய இடத்திலேயே இறுக்கினேன். ஓடும் எஞ்சினில் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தபோது, முன்பு நடுங்கிக்கொண்டிருந்த குறி இப்போது ஒரே இடத்தில் நின்றது.

18 ஆகஸ்ட் 2024

வண்டி தொடர்ந்து ஓட்டத்தில் இருக்கிறது. கேப்பின் உள்ளே பித்தளைத் தூள் இல்லை. ரோட்டாரின் முனையில் உராய்வு இல்லை. பாயிண்ட் இடைவெளி 0.38இலிருந்து 0.36 ஆகியிருக்கிறது, பாயிண்டைத் திறக்கும் கேமின் மீது உராயும் அதன் குதிகால் புதிதில் சற்றுத் தேய்ந்து படிவது இயல்பு. ரோட்டாருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கேமில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி மூடிவிட்டேன்.

மைத்துனரிடம் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். நல்ல பாயிண்டும் கண்டென்சரும் கடைகளில் கிடைக்காமல் போகும் காலம் வந்தால், இதே உடலுக்குள், இதே ஷாஃப்டின் மேல், சென்சாரைப் பொருத்திக்கொள்ளலாம். ஷாஃப்ட் நேராக நிற்பதால் அப்போது அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். இப்போதைக்கு ஒரு ஜோடி பாயிண்டும் ஒரு கண்டென்சரும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். அவற்றை மாற்றும் முறையை அவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.