ஒரிஜினல் சாமான் எல்லாம் இருக்குங்களா?

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்பது 2002 மாடல் ஃபியட் பாலியோ. சச்சின் விளம்பரத்தில் வந்த வண்டிதான், ஆனால் எல்லோரும் வாங்கிய 1.2 லிட்டர் இன்ஜின் இல்லை, 1.6 லிட்டர் ஜிடிஎக்ஸ், 16 வால்வு, ஏறத்தாழ 100 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் நம் ஊரில் சின்ன காருக்கு இது ரொம்ப அதிகம். குடிப்பதிலும் அப்படித்தான். காவேரிப்பட்டணத்தில் இருந்து கிருஷ்ணகிரி ரவுண்டானா போய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். "இதுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருந்தா குடிச்சதுக்குப் பாலாவது குடுத்திருக்கும்" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

2011-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன், கல்யாணம் ஆகாத வயசு, கையில் மூன்று மாசச் சம்பளம் மிச்சம். அப்புறம் என்ன, வண்டியில் இருந்ததை எல்லாம் கழற்றினேன். சைலன்சரை எடுத்துவிட்டு புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ குழாய், ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டு கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், குட்டை ஸ்பிரிங், சின்ன ஸ்டீயரிங், டிரைவருக்கு மட்டும் ரேசிங் சீட் (இரண்டு வாங்கக் காசில்லை). உண்மையைச் சொல்கிறேன், சத்தம்தான் கூடியது, வேகம் கூடவில்லை. திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும், சித்திரை வெயிலில் அது இன்ஜினுக்கு வெந்நீர் கொடுப்பது மாதிரி. ஃப்ரீ ஃப்ளோவால் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஒரு உறுமல் கிடைத்தது, மெதுவாகச் சுற்றும்போது இரண்டாவது கியரில் இருந்த இழுவை போய்விட்டது. குட்டை ஸ்பிரிங் போட்ட பிறகு பஞ்சாயத்து வேகத்தடை வந்தால் எல்லோரும் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். என் ஆயா இரண்டு முறை இறங்கினார், மூன்றாவது முறை டவுன் பஸ்ஸில் போய்விட்டார்.

போன மாசம் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். 2027-ல் மறுபடியும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 15 வருஷம் முடிந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பரீட்சை. ஆனால் என்ன விலை சொல்வது? இன்சூரன்ஸில் 5 வருஷம் வரைக்கும்தான் தேய்மானக் கணக்கு இருக்கிறது, அதற்கு மேல் அவர்களும் நாமும் பேசி வைப்பதுதான் மதிப்பு. அவர்கள் பேசிய தொகையை இங்கே எழுத எனக்கு வெட்கம். ஊர் புரோக்கர் "ஃபியட்டாண்ணே? ஸ்விஃப்ட்டா இருந்தா பேசலாம்" என்றார். பழைய இரும்புக்காரர் மட்டும் மரியாதையாக வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, எடை போடாமலே 25,000 என்றார்.

அப்போதுதான் பெங்களூரில் இருந்து ஒரு தம்பி போன் செய்தான், சொந்த ஊர் ஓசூர், ஐ.டி. வேலை. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "அண்ணா, ஒரிஜினல் சாமான் எல்லாம் இருக்குங்களா? இருந்தா 2 லட்சம். இல்லைன்னா 90,000" என்றான். பணம் கொட்டி நான் மாட்டியதற்கு எல்லாம் மதிப்பே இல்லை, கழற்றி எறிந்ததற்கு 1,10,000! "எல்லாம் இருக்கு தம்பி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றான், ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் காந்தம். பட்டி பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது இல்லையா, கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டு, பில்லையும் வாங்கிப் பார்த்தான். சைலன்சர் பத்திரமாக இருந்தது, எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் அதை மாட்டித்தானே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவேன். மற்றவைதான் ஊர்வலம்.

ஸ்பிரிங் நான்கும் மாட்டுக்கொட்டகைத் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒன்றாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. ஸ்டீயரிங்கை அக்கா மகன் வேப்பமரத்தில் ஆணி அடித்து "பாலக்கோடு, தர்மபுரி, ரைட்ட்ட்" என்று ஓட்டிக்கொண்டிருந்தான், டிரிப் முடியும் வரைக்கும் தர முடியாது என்றான். சீட் மாந்தோப்பில் இருந்தது. அதில் அப்பா இருந்தார்.

"அங்கிள், கொஞ்சம் எழுந்திருங்க" என்று அந்தப் பையன் குனிந்து துணியைத் தடவிப் பார்த்தான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த நெம்புகோலை இழுத்து, டக் டக்கென்று சீட்டைச் சாய்த்து, "பாரு, இன்னும் எப்படி வேலை செய்யுது" என்று காட்டினார். காட்டி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. "5,000" என்றார். "அப்பா, இது என் சீட்டு." "பத்து வருஷம் மழையில நனையாம உள்ள தூக்கி வெச்சது யாரு?" பதிலுக்கு அந்த ரேசிங் சீட்டைத் தருகிறேன் என்றேன். அதில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும் என்று மறுத்துவிட்டார். 3,000-த்தில் முடிந்தது, என் கையில் இருந்து.

கடைசியாக ஏர் ஃபில்டர் டப்பா. அம்மா விறகு அடுக்கின் பின்னால் கூட்டிப்போனார். மூடி எங்கள் கோழிக்குத் தண்ணீர்த் தட்டு. அடிப்பாதியில் வைக்கோல் போட்டு, கோழியே உட்கார்ந்திருந்தது. தம்பி கையை நீட்டினான், அது கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு கொத்து கொத்தியது.

"அடை வெச்சிருக்கேன்பா, பதினோரு முட்டை" என்றார் அம்மா. "இன்னிக்கு ஒன்பதாம் நாள். இன்னும் பன்னெண்டு நாள் ஆவும்."

அவன் போனில் தேதி பார்த்தான். "வெள்ளிக்கிழமை வரட்டுமா ஆன்ட்டி?"

"வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே குடுக்க மாட்டோம்."

"அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது" என்றார் தோப்பில் இருந்து வந்த அப்பா.

"இது பிளாஸ்டிக் அங்கிள்."

"வண்டி இரும்புதானப்பா."

5,000 முன்பணம் கொடுத்துவிட்டு, கொத்துப்பட்ட விரலை ஊதிக்கொண்டே கிளம்பினான். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு வருகிறான். அதற்குள் ஸ்டீயரிங்குக்கு என்ன கேட்கலாம் என்று அக்கா மகன் அப்பாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறான்.