மழைக்கு ஒதுங்கிய கோவில்

மே 12

பிரான்சின் நோஆன் கிராமத்தில் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டின் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊரான விக்கில், புனித மார்ட்டின் கோவிலுக்குள் ஒதுங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரிதான். உள்ளே 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள்! யூதாஸ் இயேசுவைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறான், சுற்றிலும் ஒரே தள்ளுமுள்ளு. சுண்ணாம்புக்கு அடியில் கிடந்ததை 1849இல் ஊர்ச் சாமியார் கண்டுபிடித்திருக்கிறார். சாண்டும், பழைய கட்டடங்களைக் காக்கும் அரசு அதிகாரியாக இருந்த எழுத்தாளர் மெரிமேயும் தலையிட்டதால் தப்பியது.

கோவில் ஓவியங்களை 'படிக்கத் தெரியாதவர்களின் பைபிள்' என்பார்களே, எனக்கு அது இங்கே சரிப்படவில்லை. நடுவில் ஒரு குறுக்குச்சுவர். சனங்கள் நிற்கும் இடம் இந்தப் பக்கம், படங்களில் பெரும்பங்கு பீடம் இருக்கிற அந்தப் பக்கம்.

மே 13

அந்தச் சுவர் மனதை விட்டுப் போகவில்லை. பழைய பிரான்சில் பல ஊர்களில் செலவும் அங்கேதான் பிரிந்தது. பீடப்பகுதிக் கூரை ஒழுகினால் தசமபாகம் (விளைச்சலில் திருச்சபைக்குக் கொடுக்கும் பங்கு) வாங்குபவர் பொறுப்பு, சனங்கள் நிற்கும் பகுதி ஒழுகினால் ஊர் பொறுப்பு. பத்தில் ஒன்று என்று பெயர். பல இடங்களில் பன்னிரண்டு கதிர்க்கட்டிலோ பதின்மூன்றிலோ ஒன்று. அதுவும் பல ஊர்களில் எங்கேயோ இருக்கிற மடத்துக்குப் போய்விடும். உள்ளூர்ச் சாமியாருக்கு அதில் கொஞ்சம்தான்.

ஆனால் தங்கள் பக்கத்தை ஊர்க்காரர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். சண்டைக் காலத்தில் மூட்டை முடிச்சு, ஆடு மாடு எல்லாம் உள்ளே. பூசை முடிந்ததும் வாசலில் ஊர்க்கூட்டம். தீப்பிடித்தாலும் ஆலங்கட்டி மழை மிரட்டினாலும் மணி அடிப்பார்கள். 1215இல் லாத்தரன் திருச்சபைச் சங்கம் போட்ட விதிக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது சொந்தப் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், ஆகவே யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். கல்லறைத் தோட்டத்தில் ஆட்டம் வேறு! 1231இல் ரூவான் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அதைத் தடை செய்தது. தடை போடும் அளவுக்கு ஆடியிருக்கிறார்கள்.

மே 15

இன்னொரு சின்ன ஊர். கோவில் பூட்டியிருந்தது, சாவி ஊராட்சி அலுவலகத்தில். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்குப் பிறகு இந்தப் பழைய கோவில்கள் பெரும்பாலும் ஊராட்சியின் சொத்து. சாவி கொடுத்த அம்மா, "கூரையைப் பார்க்காதீர்கள்" என்று சிரித்தார்.

பார்த்தேன். பீடப்பகுதி காய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம், பெஞ்சுகளுக்கு நடுவே, ஒரு நீல பிளாஸ்டிக் வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. வெளியே புல்லில் கொட்டிவிட்டு வந்து அதே இடத்தில் வைத்தேன்.