மாஸ்டர்தாவின் பையன்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் வங்கத்துப் புரட்சியாளர்கள் ஆங்கிலேயர் மீது நடத்திய சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலை ஒரே பீரியடில் முடித்துவிடலாம். 1930 ஏப்ரல் 18, தலைவர் சூரியா சென், சண்டை நடந்த ஜலாலாபாத் குன்று, பின்னால் குழுவில் சேர்ந்த கல்பனா தத். தேர்வுக்கு இவ்வளவு போதும். வருடா வருடம் நடத்தி நடத்தி எனக்குள் தங்கிப்போனதோ வேறொரு சம்பவம்.

அன்றிரவு திட்டமிட்டபடி எல்லாம் நடக்கவில்லை. புனித வெள்ளி என்பதால், தாக்கப் போன ஐரோப்பியர் கிளப்பில் ஆளில்லை. ஆங்கிலேயரின் துணைப்படைக் கிடங்கில் துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்கான தோட்டாக்கள் கிடைக்கவில்லை. போலீஸ் லைனில் கிடங்குக்குத் தீ வைக்கும்போது ஹிமாங்ஷு சென் என்ற இளைஞர் மேலேயே நெருப்புப் பற்றிக்கொண்டது. தாக்குதலை முன்னின்று நடத்திய அனந்த சிங்கும் கணேஷ் கோஷும் இன்னும் இருவரும் அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடினார்கள். பிறகு அவர்களால் தங்கள் படையோடு சேரவே முடியவில்லை. நான்காம் நாள் ஜலாலாபாத் குன்றில் ராணுவத்தை எதிர்கொண்டபோது அனந்த சிங்கும் கணேஷ் கோஷும் அங்கே இல்லை. பன்னிரண்டு பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவன் தேக்ரா என்ற சிறுவன். அன்று சண்டையை நடத்திய லோகநாத் பாலின் சொந்தத் தம்பி. ஹிமாங்ஷுவும் பிழைக்கவில்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பையன், "லீடர் எதுக்கு சார் போகணும்? வேற யாரையாச்சும் அனுப்பியிருக்கலாம்ல?" என்றான். பின் பெஞ்சிலிருந்து, "உன் ஃப்ரெண்டு எரிஞ்சா நீ ஆளா அனுப்புவ?" என்று ஒரு குரல். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார்கள். வராதுதான்.

ராணுவக் கணக்கில் அந்த முதல் பையன் சொன்னது சரி. ஆனால் அந்தப் படை ராணுவம் அல்ல. பலர் பள்ளி, கல்லூரிப் பையன்கள். சூரியா சென்னே பள்ளி ஆசிரியர். 'மாஸ்டர்தா' என்றால் வாத்தியார் அண்ணன். கொள்கையைப் படித்துத் தெளிந்து வந்தவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்களை இழுத்து வந்தது சிநேகிதனும் வாத்தியாரும்தான் என்பது என் கணிப்பு. சிநேகத்தால் திரட்டிய கூட்டத்தை, சிநேகத்தை மறந்துவிட்டுச் சண்டை போடு என்றால் எப்படிப் போடும்?

அனந்த சிங் கதை இன்னும் சிக்கல். போலீஸ் கையில் அகப்படாமல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்தர்நாகூரில் பதுங்கியிருந்தவர், 1930 ஜூனில் தானாகவே போய்ச் சரணடைந்தார். சிறையிலிருக்கும் பையன்கள் விசாரணையில் உடைகிறார்கள், கூட இருந்து அவர்களைத் தைரியப்படுத்த வேண்டும் என்பது காரணம். வெளியே இருக்கும் தோழர்களுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? தலைமறைவாக இருக்க வேண்டியவன் எதிரியின் வாசலில் போய் நிற்கிறான். நானாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். பின்னால் அந்தமானுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர் என்பது தெரிந்திருப்பதால் இன்றைக்கு மெச்சுவது சுலபம்.

நான் தடுமாறும் இடம் வேறு. 1931 ஆகஸ்டில் சிட்டகாங் கால்பந்து மைதானத்தில் அசானுல்லா என்ற போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றவன் ஹரிபத பட்டாச்சார்யா, பதின்ம வயதுப் பையன். அந்த அதிகாரி கைதானவர்களைச் சித்திரவதை செய்தார் என்பது போராளிகளின் குற்றச்சாட்டு. நண்பர்கள் அடிபட்டதற்குப் பழி. அதைத் தொடர்ந்து ஊரில் கடைகள் சூறையாடப்பட்டன. அடி வாங்கியதில் பெரும்பாலோர் இதில் சம்பந்தமே இல்லாத ஜனங்கள்.

எரியும் தோழனைத் தூக்கிக்கொண்டு ஓட வைத்த அதே பாசம்தான் இங்கே ஒரு சிறுவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. இரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். தியாகிகளைக் கொச்சைப்படுத்துவதாக யாராவது புகார் கொடுத்தாலும் கொடுக்கலாம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஹரிபத வயதுதான். வாத்தியார் சொன்னால் கேட்கிற வயது. காட்டிக்கொடுக்கப்பட்டு 1934 ஜனவரியில் தூக்கு மேடை ஏறிய சூரியா சென் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த மைதானத்துக்கு ஒரு பையனை அனுப்பியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பையன்களிடமும் அப்படியே சொல்கிறேன்; அவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.